நுணா என்னும் மஞ்சணத்தி

நுணா, காபிச் செடியின் குடும்பத்தில் வரும் ஒரு சிறு மரம். தாவரவியலில் மொரிண்டா கொரியா. பழைய நூல்களில் மொரிண்டா டிங்டோரியா என்ற பெயரில் கிடைப்பதும் பெரும்பாலும் இதுதான். தென்மாவட்டங்களில் மஞ்சணத்தி, மஞ்சநத்தி என்பார்கள்; செய்யுளில் நுணவு, நுணவம். இந்தியாவின் வறண்ட சமவெளிகளிலும் இலங்கையிலும் தானாக முளைக்கிறது. சென்னைக்குத் தெற்கே தாம்பரம், சேலையூர், மேடவாக்கம், வண்டலூர் வட்டாரத்தில் மதில் எழும்பாத மனை, ஏரிக்கரை, ரயில் பாதையோரம், கைவிடப்பட்ட கல்குவாரியின் விளிம்பு என்று யாரும் நட்டுவைக்காத இடங்களிலெல்லாம் நிற்கிறது. தினமும் பார்த்தும் பெயர் கேட்டால் சொல்லத் தெரியாத மரங்களில் இதற்கு முதலிடம் தரலாம்.

அடையாளம் காண்பது எளிது. பட்டை தடித்து, தக்கைபோல் வெடித்து, ஆழமான பள்ளங்களுடன் இருக்கும். நகத்தால் கீறினால் உள்ளே மஞ்சள். இலைகள் எதிரெதிராக வரும். வெள்ளைப் பூக்கள் ஒரு சிறு உருண்டையின்மேல் நெருக்கமாக உட்கார்ந்து, ஒவ்வொன்றாகவோ சிலவாகவோ மலரும். மல்லிகைக்குச் சற்றுக் குறைந்த மணம். பூக்களின் அடிப்பாகங்கள் ஒன்றோடொன்று ஒட்டியே வளர்வதால், ஒரு கொத்துப் பூவும் சேர்ந்து கண்கண்ணாக ஒரே காயாகிவிடும். பச்சையில் கல்போல் இருக்கும் காய், பழுத்தால் கறுத்துக் குழைந்துவிடும். அந்தப் பழத்தைப் பறவைகளும் தின்னும், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளும் தின்றார்கள். நாக்கு கறுத்திருப்பதை வைத்தே வீட்டில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

தென்சென்னைப் புறநகரின் தரை, கடற்கரை மணலும் அல்ல, காவிரி வண்டலும் அல்ல. பல்லாவரம், திருநீர்மலை, வண்டலூர்க் குன்றுகளின் கருங்கல்லும் அவற்றைச் சுற்றிய செம்பூராங்கல் சரளையும் சேர்ந்தது. 1863 மே மாதம் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் கற்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியத் தொல்பழங்கால ஆய்வு தொடங்கியது அங்கேதான். அந்தக் கோடரி கிடைத்ததும் இந்தச் சரளையில்தான். ஆண்டில் பாதி மாதம் காய்ந்து கிடந்து, ஐப்பசி கார்த்திகையில் கொட்டித் தீர்க்கும் மழையை வாங்கும் நிலம் இது. இங்கே இயற்கையாக வளரும் காடு, உயரம் குறைந்த, முள்ளும் புதருமாக அடர்ந்த உலர் பசுமைக்காடு. வீரை, காசா, காட்டெலுமிச்சை, களா, சூரை ஆகியவற்றோடு நுணாவும் அதில் ஓர் உறுப்பினர். ஆனால் மற்றவற்றில் பல, காடு அழிந்தால் மறைந்துபோகும். நுணா அப்படியல்ல, வெட்டினால் அடியிலிருந்து தளிர்க்கும், தரிசாய்ப் போட்ட வயலில் முதலில் வந்து நிற்கும்.

அந்தக் காட்டின் மிச்சங்கள் இன்னும் சில இருக்கின்றன. 320 ஹெக்டேர் பரப்புள்ள நன்மங்கலம் காப்புக்காடு ஒன்று. 1985-இல் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா அமைந்த வண்டலூர்க் காடு இன்னொன்று. மூன்றாவது சென்னைக் கிறித்தவக் கல்லூரி வளாகம். நகரத்தின் நெரிசலிலிருந்து 1937-இல் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்த அந்தக் கல்லூரிக்குச் சேலையூர்க் காட்டிலிருந்து 360 ஏக்கருக்கு மேல் நிலம் கிடைத்தது. வேதியியல் பேராசிரியராக இருந்த எட்வர்ட் பார்ன்ஸ் அங்கே மரங்களை நட்டார், இருந்த புதர்க்காட்டையும் காத்தார். பாடம் வேதியியல், மனம் முழுக்கத் தாவரவியல். சென்னை நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த பூக்கும் தாவரங்களைப் பற்றி மயூரநாதன் எழுதிய நூலை அரசு அருங்காட்சியகம் 1929-இல் வெளியிட்டிருந்தது. அதற்கு 1938-இல் துணைநூல் எழுதியவர் இந்த பார்ன்ஸ்தான். புறநகரில் எது சொந்த மரம், எது வந்த மரம் என்று இன்று பிரித்துச் சொல்ல முடிகிறதென்றால் இத்தகையவர்களின் உழைப்பே காரணம்.

இலக்கியத்தில் நுணா பழைய ஆள். ஐங்குறுநூற்றில் ஓதலாந்தையார் பாடிய பாலைத்திணைப் பகுதியில் இளவேனிற் பத்து என்று ஒன்று உண்டு. பொருள் தேடிப் போன தலைவன் குறித்த பருவம் வந்தும் திரும்பவில்லை. பருவம் வந்துவிட்டதற்குச் சாட்சிகளாகத் தலைவி சுட்டும் பூக்களில் நுணவமும் ஒன்று. சித்திரை, வைகாசி வெயிலில் மற்ற மரங்கள் வாடிக் கிடக்கும்போது இது பூத்து வண்டுகளைக் கூட்டுவதைப் பார்த்தவர்தான் அப்படிப் பாட முடியும். இன்றும் அதே மாதங்களில்தான் பூக்கிறது.

மரத்தின் பொருளியல் வரலாறு வேரில் இருக்கிறது. வேர்ப்பட்டையில் உள்ள மொரிண்டின் என்ற பொருள் படிகாரத்தோடு சேர்ந்தால் துணியில் சிவப்பாகப் பிடிக்கும். சேர்மானத்தைப் பொறுத்து மஞ்சள், சாக்லேட் நிறங்களும் வரும். சோழமண்டலக் கரையில் சிவப்புச் சாயத்துக்குச் சாயவேர் என்ற சிறு செடியின் வேரே பேர்போனது. அதனால் இங்கே நுணா இரண்டாம் இடத்தில்தான் இருந்தது. நடு இந்தியாவில் கதை வேறு. அங்கே இந்த இனத்துக்கு ‘ஆல்’ என்று பெயர். புந்தேல்கண்டில் இதை வயலில் விதைத்துப் பயிராகவே வளர்த்து, மூன்று நான்கு ஆண்டில் ஆழத் தோண்டி வேரை எடுத்தார்கள். மெல்லிய வேருக்கே விலை அதிகம். தடித்த வேரில் சாயம் குறைவு என்று கழித்துவிடுவார்கள். ஜான்சிப் பக்கத்து மௌராணிப்பூரில் அந்தச் சாயத்தில் தோய்த்த ‘கரூவா’ என்ற முரட்டுச் சிவப்புத் துணி வடநாடு முழுக்க விற்றது.

மொரிண்டினைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பிரித்தெடுத்தவர் தாமஸ் ஆண்டர்சன் என்ற ஸ்காட்லாந்து வேதியியலாளர். ஆல் வேருக்கு முடிவு கட்டியதும் வேதியியல்தான். 1868-இல் ஜெர்மனியில் கிரேபேயும் லீபர்மானும் அலிசரின் என்ற சிவப்புச் சாயத்தை ஆய்வுக்கூடத்தில் செய்துகாட்டினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் அது டின்னில் அடைத்து இந்தியச் சந்தைக்கு வந்தது. மூன்று ஆண்டு காத்திருந்து, குழி தோண்டி, வேரை இடித்து, நாள்கணக்கில் தோய்க்கும் வேலைக்கு அதன்பின் யார் கூலி கொடுப்பார்கள்? சாயவேரும் ஆல் வேரும் ஏறக்குறைய ஒரே தலைமுறையில் தொழிலாக இல்லாமல் போயின.

மற்றப் பயன்களும் இப்படித்தான் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. மஞ்சள் நிற மரம் கனம் குறைந்தது, எளிதில் வெடிக்காது. அதனால் மாட்டின் கழுத்தில் ஏறும் நுகத்தடிக்கு ஏற்றது. கடைசல்காரர்கள் பொம்மையும் தட்டும் செய்தார்கள். டிராக்டர் வந்தபின் நுகத்தடி போயிற்று. தழையை வயலுக்கு உரமாக மிதித்தார்கள், வயலே மனையாகிவிட்டது. பச்சைக் காய்களை உப்போடு சேர்த்துச் சுட்டுக் கரியாக்கிப் பல் துலக்கினார்கள், பற்பசை வந்தது. ஈர்க்குச்சிகளில் நுணாக்காய்களைக் கோத்துத் தேர் செய்து விளையாடிய சிறுவர்கள் இன்று தாத்தாக்கள்.

வைத்தியத்தில் மட்டும் நுணா இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. குழந்தைகளின் மாந்தத்துக்கு இலைச்சாறு கொடுப்பதும், சிரங்குக்கும் புண்ணுக்கும் இலையை அரைத்துப் பற்றுப் போடுவதும், வேர்க் கஷாயத்தைப் பேதிக்குக் கொடுப்பதும் சித்த மருத்துவ மரபில் உள்ளவை. 2005 முதல் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இயங்குகிறது. அதன் மருத்துவமனைக்கு அயோத்திதாசப் பண்டிதர் பெயர். காசநோயாளிகளுக்காக 1928-இல் டாக்டர் சௌரிமுத்து தொடங்கிய சானடோரியத்தால் பெயர் பெற்ற இடம் அது. மூலிகை பற்றிக் கேட்க வேண்டுமானால் இணையக் காணொளிகளைவிட அங்குள்ள புறநோயாளிப் பிரிவு மேல்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் சாசஃப்ராஸ் என்றொரு மரம் வளர்கிறது. லவங்கப்பட்டை குடும்பம், நுணாவைப் போலவே கைவிட்ட வயல்களில் முதலில் முளைப்பது. அங்குள்ள பழங்குடிகள் வேர்ப்பட்டையைக் காய்ச்சிக் குடித்தார்கள், சொக்டா மக்கள் இலைப்பொடியைக் குழம்பு கெட்டியாகச் சேர்த்தார்கள். பதினாறாம் நூற்றாண்டில் செவில் நகர மருத்துவர் மொனார்டெஸ் அதைச் சர்வரோக நிவாரணி என்ற அளவுக்குப் புகழ்ந்து எழுத, ஐரோப்பியக் கப்பல்கள் அதற்கென்றே கடல் கடந்தன. பின்னால் அமெரிக்காவின் ‘ரூட் பீர்’ பானத்துக்கு மணம் தந்ததும் அதுவே. கடைசியில் அதன் எண்ணெயில் உள்ள சாஃப்ரோல் எலிகளுக்குக் கல்லீரல் புற்றுநோய் உண்டாக்குவது தெரியவந்து, 1960-இல் அந்நாட்டு அரசு உணவில் அதைத் தடை செய்தது. நூற்றாண்டுகளாகக் குடித்தார்கள் என்பது மட்டுமே பாதுகாப்புக்குச் சான்றாகாது. நுணா வேரிலும் வீரியமுள்ள பொருள்கள் இருப்பதால்தான் அது சாயம் கொடுத்தது, பேதியும் கொடுத்தது.

நுணாவுக்கு ஒரு பணக்காரத் தம்பி இருக்கிறான்: வெண்ணுணா என்கிற மொரிண்டா சிட்ரிஃபோலியா. பசிபிக் தீவுகளில் நோனி. அகலமான பளபளப்பான இலை, உருளைக்கிழங்கு அளவு வெளிறிய பழம், பழுத்தால் மூக்கைப் பொத்தவைக்கும் நாற்றம். 1996-இல் அமெரிக்க நிறுவனம் ஒன்று அதன் சாற்றைத் தஹிதி நோனி என்று புட்டியில் அடைத்து விற்கத் தொடங்கியது. அலை இங்கும் அடித்தது. நம் தென்புறநகரான பெருங்குடியிலேயே உலக நோனி ஆராய்ச்சி அறக்கட்டளை என்று ஓர் அமைப்பு உருவாகி, ஆய்விதழும் நடத்தியது. அதே சாலையோரக் காலிமனையில் காசில்லாமல் நின்ற அண்ணனை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டும் வேறு வேறு இனங்கள். ஒன்றுக்குச் சொன்ன குணத்தை மற்றதற்கு ஏற்றிச் சொல்லக் கூடாது.

2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி ஆயிற்று. பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளும் சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலைப் பேரூராட்சிகளும் அதில் சேர்ந்தன. நுணா உயிரோடு இருப்பது இந்த ஊர்களின் காலிமனைகளை நம்பித்தான். மனையைச் சுத்தம் செய்ய வரும் ஜேசிபிக்கு நுணாவும் சீமைக்கருவேலமும் ஒன்றுதான், இரண்டும் ‘புதர்’. பிறகு வீடு எழும்பியதும் வாசலுக்கு நர்சரியிலிருந்து வெளிநாட்டு மரம் வாங்கி வருகிறார்கள். 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயலில் சென்னையில் சாய்ந்தவற்றில் அப்படி வந்த நிழல்மரங்கள் மிகுதி என்பதை அதற்குள் மறந்தாயிற்று. நுணா தெருவுக்குக் குடை பிடிக்கும் அளவுக்கு வளராது, உண்மைதான். ஆனால் மதிலை உடைக்காது, மின்கம்பியைத் தொடாது, தண்ணீர் கேட்காது. மனை வாங்கியிருப்பவர்கள் அஸ்திவாரம் தோண்டுவதற்குமுன் ஓரத்தில், கீறினால் உள்ளே மஞ்சள் தெரியும் பட்டையோடு ஒரு மரம் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால், வண்டி ஓட்டுபவரிடம் அதை விட்டுவிடச் சொல்லுங்கள்.