அண்ணன் முறை ஏற்ற நாற்பதின்மர்

குற்றம் புரிந்த சிறுவனை என் செய்வது? இவ்வினா பல நாட்டு அரசுகளை நெடுங்காலம் தடுமாறச் செய்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் பெருநகரங்களில், வளர்ந்தோரை விசாரிக்கும் மன்றுகளிலேயே சிறுவரும் நிறுத்தப்பட்டனர். 1899ஆம் ஆண்டு இலினோய் மாநிலம் புதுச் சட்டமொன்றை இயற்ற, சிக்காகோ நகரில் சிறுவர்க்கெனத் தனி நீதிமன்று தோன்றியது. தண்டிப்பதினும் திருத்துவதே மேல் என்பது அதன் கொள்கை. 1902ஆம் ஆண்டு நியூயோர்க் நகரிலும் அத்தகைய மன்று திறக்கப்பட்டது.

ஆயின், சட்டம் செய்யக்கூடியதற்கும் ஓர் எல்லை உண்டு. நீதிபதி சிறுவனை மன்னித்து அனுப்பலாம். அவனுடன் கூடவே சென்று வாழ்தல் அவருக்கு இயலாது. மன்றின் வாயிலைத் தாண்டிய சிறுவன், தான் வந்த அதே தெருவுக்கே மீள்கிறான். இவ்வுண்மையை நன்கு உணர்ந்தவர், நியூயோர்க் சிறுவர் நீதிமன்றில் இலிகிதராகக் கடமையாற்றிய ஏர்னஸ்ட் கூல்டர் என்பவர்.

1904ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், அந்நகரின் தேவாலயம் ஒன்றைச் சார்ந்த ஆடவர் சங்கத்தில் அவர் உரை நிகழ்த்தினார். மன்றுக்கு வரும் சிறுவரின் நிலையை எடுத்துரைத்து, அவர்கட்கு வேண்டியது அக்கறையுள்ள ஒரு பெரியவரின் நட்பே என்றார். அங்கிருந்தோருள் நாற்பதின்மர், ஆளுக்கு ஒரு சிறுவனுக்குத் துணையாவதாக ஒப்புக்கொண்டனர். ‘மூத்த சகோதரர்’ இயக்கத்தின் தொடக்கம் இதுவே. அதே நகரில் கத்தோலிக்க மாதர் சிலர், 1902 முதலாகவே மன்றுக்கு வந்த சிறுமியர்க்கு மூத்த சகோதரியராய் நின்று தொண்டாற்றி வந்தனர்.

இத்தொண்டின் தனித்தன்மை யாதெனின், அது பொருளை வழங்குவதன்று, பொழுதை வழங்குவது என்பதாகும். ஒருவர் பலருக்கு உபதேசம் செய்வதன்று. ஒருவர் ஒருவனோடு பழகுவது. பல நகரங்களில் இம்முறை பரவிற்று. சகோதரர் அமைப்பும் சகோதரியர் அமைப்பும் 1977இல் ஒன்றிணைந்தன.

எனினும், நல்லெண்ணம் ஒன்றே போதுமா? மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ், சமர்வில் நகரங்களில் நடந்த ஓர் ஆய்வு, இவ்வினாவைக் கடுமையாக எழுப்பிற்று. அங்கே 1939 முதல் 1945 வரை, 506 சிறுவர் இரு கூறாக்கப்பட்டு, ஒரு கூற்றினருக்கு மாத்திரம் ஆலோசகர் அமர்த்தப்பட்டனர். அவ்வாலோசகர் தொண்டரல்லர், ஊதியம் பெற்றோர். எனினும் நோக்கம் ஒன்றே. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளின் பின் அச்சிறுவரின் வாழ்வை ஆராய்ந்த ஜோன் மக்கோட் அம்மையார், 1978இல் தம் முடிவை வெளியிட்டார். உதவி பெற்றோர் பெறாதோரினும் மேம்பட்டிருக்கவில்லை. சில வகைகளில் தாழ்ந்தே இருந்தனர். எழுப்பிவிட்ட எதிர்பார்ப்புப் பின்னர் நிறைவேறாது போனமை ஒரு காரணமாகலாம் என அவர் கருதினார்.

இதற்கு மறுபுறமும் உண்டு. மூத்த சகோதரர் அமைப்பின் எட்டுக் கிளைகளில், 10 முதல் 16 வயது வரையுள்ள 959 பிள்ளைகளைக் கொண்டு நிகழ்ந்த ஆய்வு 1995இல் வெளியாயிற்று. பதினெட்டு மாதங்களின் பின், துணை பெற்ற பிள்ளைகள், காத்திருப்போர் பட்டியலிலிருந்தோரை நோக்கப் போதைப்பொருளைத் தொடங்கும் வாய்ப்பு நூற்றுக்கு 46 வீதம் குறைந்திருந்தது. பாடசாலைக்குச் செல்லாது நின்ற நாட்களும் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தன.

இம்முரண்பாட்டை விளக்க உதவுவது, அதே தரவுகளை மீள ஆராய்ந்து 2002இல் வெளிவந்த ஒரு கட்டுரை. ஓராண்டுக்கு மேல் நிலைத்த உறவுகளே மிகுந்த நன்மை விளைவித்தன. மூன்று மாதங்களுக்குள் முறிந்த உறவுகளில், பிள்ளைகளின் தன்மதிப்பு முன்னிருந்ததினும் குன்றிற்று.

இதன் கருத்துத் தெளிவு. பலரால் கைவிடப்பட்ட பிள்ளைக்கு, இடையில் விட்டுச்செல்லும் துணைவர் மேலும் ஒருவராகவே அமைகிறார். ஆகவே, இன்று இத்தகைய தொண்டுக்கு முன்வருவோர் தம்மைத் தாமே கேட்க வேண்டிய வினா, ‘நான் நல்லவனா?’ என்பதன்று, ‘அடுத்த ஆண்டும் நான் வருவேனா?’ என்பதே. அண்ணன் முறை ஏற்பது எளிது. அம்முறையில் நிலைத்து நிற்பதே தொண்டு.