அலாஸ்காவில் மக்கு உரப் பயிற்சி

அமெரிக்காவின் வடகோடி மாநிலமான அலாஸ்காவில், காய்கறித் தோட்டக்காரர்களுக்கும் சிறு விவசாயிகளுக்கும் உள்ளூர்க் கழிவுகளைக் கொண்டே மக்கு உரம் தயாரிக்கக் கற்றுத்தருவது வேளாண் விரிவாக்கப் பணியின் ஒரு பகுதி. 1914-ஆம் ஆண்டின் ஸ்மித்-லீவர் சட்டத்தின் வழியே அமைந்த கூட்டுறவு விரிவாக்கத் துறை, அங்கே அலாஸ்கா ஃபேர்பேங்க்ஸ் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குகிறது. மண், நீர் பாதுகாப்பு மாவட்ட அமைப்புகளும் இப்பணியில் பங்கேற்கின்றன.

மாநிலத்தின் பெரும்பாலான ஊர்களுக்குச் சாலை கிடையாது. சிறு விமானம் வர வேண்டும். அல்லது ஆற்றிலும் கடலிலும் பனிக்கட்டி உருகிய பிறகு சரக்குப் படகு வர வேண்டும். உர மூட்டையின் விலையை அதன் ஏற்றுகூலி மிஞ்சிவிடுவது எளிது. மண்ணும் வளமானதன்று. குளிரில் நுண்ணுயிர்கள் மந்தமாக இருப்பதால் பாசியும் வேரும் மக்காமலே படிந்து, பல இடங்களில் அமிலத்தன்மை மிகுந்த பீட் மண்ணாகிக் கிடக்கின்றன. ஃபேர்பேங்க்ஸில் ஜூன் மாத நடுவில் பகல் ஏறத்தாழ 22 மணி நேரம் நீள்கிறது. முட்டைக்கோசு போன்ற பயிர்கள் அந்த வெளிச்சத்தில் விரைந்து வளர்ந்து, சுமார் மூன்றே மாதங்களுக்குள் தமக்கு வேண்டிய சத்து முழுவதையும் கேட்கின்றன. அரைகுறையாக மக்கிய உரத்தை அப்போது இட்டால் அது மண்ணிலுள்ள நைட்ரஜனையும் இழுத்துக்கொள்ளும், பயிர் மஞ்சளிக்கும். நன்றாக மக்கிய பிறகே உரத்தைப் பயன்படுத்த வேண்டும் என்பது இங்கே மற்ற இடங்களைவிடக் கண்டிப்பான விதி.

நவீன மக்கு உர முறைகளுக்கு முன்மாதிரியாகச் சொல்லப்படும் இந்தூர் முறையை ஆல்பர்ட் ஹோவர்ட் 1920-களில் மத்திய இந்தியாவில் உருவாக்கினார். அந்த முறையில் ஆழமற்ற குழிகளும் உண்டு. வடக்கே குழி உதவாது. அடியில் நிரந்தர உறைமண் இருக்கும் இடத்தில் குழி குளிர்ந்தே கிடக்கும். உருகிய நீர் வடிய வழியின்றி அதில் தேங்கும். எனவே தரைக்கு மேலே, மரச்சீவல் பரப்பி, அதன்மீது குவியலை எழுப்பக் கற்றுத்தருகிறார்கள். குவியல் ஒரு கன மீட்டருக்குக் குறைந்தால் தன் சூட்டைத் தக்கவைக்காது. பெரிதாக இருப்பது நல்லது. சுற்றிலும் வைக்கோல் கட்டுகளை அடுக்குவதும் உண்டு. அப்படியும் நடுக்குளிரில் சிறு குவியல் உறைந்துபோகும். அதனால் கேடில்லை, வசந்தத்தில் பனி இளகியதும் நுண்ணுயிர்கள் வேலையைத் தொடரும். குளிர்காலச் சமையலறைக் கழிவை மூடிய வாளிகளில் உறையவிட்டுச் சேர்த்துவைப்பதும், வீட்டுக்குள் மண்புழுப் பெட்டி வைப்பதும் மாற்று வழிகள்.

பாடத்தின் கடினமான பகுதி கலவைதான். கார்பனும் நைட்ரஜனும் 25 அல்லது 30-க்கு 1 என்ற விகிதத்தில் இருந்தால் குவியல் நன்றாகச் சூடேறும். அலாஸ்காவில் தாராளமாகக் கிடைக்கும் நைட்ரஜன் சரக்கு சால்மன் மீனின் தலையும் குடலும். மீன் கழிவில் இந்த விகிதம் 5-க்கு 1 என்ற அளவையொட்டியே இருக்கும்; மரத்தூளில் நூற்றுக்கணக்கில் போகும். பொதுவாக மீன் கழிவைப்போல் மூன்று மடங்கு மரத்தூளோ மரச்சீவலோ சேர்த்து, மேலே கனமாக மூடிவிட வேண்டும். ஒரு பிடி கலவையைக் கையில் எடுத்துப் பிழிந்தால் ஓரிரு துளி கசிய வேண்டும். ஒழுகினால் ஈரம் அதிகம். நீண்ட தண்டுள்ள வெப்பமானியைக் குவியலின் நடுவில் செருகிப் படிக்கப் பழக்குவது அரைநாள் விரிவுரையைவிடப் பலன் தரும். நோய்க்கிருமிகளை அழிக்க 55 டிகிரி செல்சியஸ் வெப்பம் நிலைக்க வேண்டும்: மூடிய கலன்களில் 3 நாள், திறந்தவெளி வரிசைக் குவியல்களில் 5 முறையாவது புரட்டி 15 நாள் என்பது அமெரிக்க விதி.

மீன் வாடை கரடியை இழுக்கும். கவனக்குறைவால் கரடிக்கு உணவு கிடைக்கச் செய்வதும் அம்மாநிலத்தில் சட்டப்படி குற்றம். ஆகவே மின்வேலி போட முடியாதவர்கள் மீனையும் இறைச்சியையும் குவியலில் சேர்க்கக் கூடாது என்று பயிற்சியில் தெளிவாகச் சொல்லிவிடுவதே முறை.

பனிச்சறுக்கு வண்டி இழுக்கும் நாய்களை வளர்ப்போரிடம் குவியும் எச்சம் இன்னொரு சரக்கு. ஃபேர்பேங்க்ஸ் மண், நீர் பாதுகாப்பு மாவட்ட அமைப்பு 1991-இல் நாய் வளர்ப்போருடன் சேர்ந்து நடத்திய சோதனையில் அதையும் மக்க வைக்க முடியும் என்று தெரிந்தது. இரண்டு பங்கு எச்சத்துக்கு ஒரு பங்கு மரத்தூள் என்பது பரிந்துரை. இந்த அனுபவத்தை ஒட்டி அமெரிக்க வேளாண் துறை 2005-இல் ஒரு வழிகாட்டி நூலையும் வெளியிட்டது. நாயின் குடலிலுள்ள உருளைப்புழு முட்டைகள் எளிதில் சாகாதவை. ஆதலால் இந்த உரத்தை உண்ணும் பயிர்களுக்கு இடாமல் பூச்செடி, மரம், புல்வெளி ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்வதே பாதுகாப்பு.

பயிற்சிக்கு நாள் குறிப்பது சிறிய விஷயமாகத் தோன்றலாம். ஆனால் ஜூலையில் சால்மன் ஏறி வரும்போது குடும்பங்கள் மீன்பிடி முகாம்களுக்குப் போய்விடும். அப்போது வகுப்பு வைத்தால் யாரும் வரமாட்டார்கள். மீன் எச்சங்களை எப்படி நடத்துவது என்பதில் சில பழங்குடிச் சமூகங்களுக்குத் தமக்கென வழக்கங்களும் உண்டு. மூத்தோரிடம் கேட்டறிந்த பிறகே பாடத்தைத் தொடங்க வேண்டும்.

வானிலை கெட்டால் விமானம் வராது, நிபுணரும் வரமாட்டார். எனவே தொலைவழி வகுப்புகளும், தோட்டக்கலைத் தன்னார்வலர் பயிற்சியும் பெரிதும் உதவுகின்றன. அத்தன்னார்வலர்கள், பெற்ற பயிற்சிக்கு ஈடாகத் தம் ஊரில் மற்றவர்களுக்குக் கற்றுத்தரவும் உதவவும் நேரம் ஒதுக்குகிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை வந்துபோகும் நிபுணரைவிட, வெப்பமானியோடு ஊரிலேயே இருக்கும் அப்படிப்பட்ட ஒருவரால்தான் குவியல்கள் அடுத்த கோடை வரை கைவிடப்படாமல் இருக்கின்றன.