இரவற் குரலும் சொந்தக் காலும்

பேசும் படம் பிறந்த புதிதில் ஹாலிவுட்டில் ஆடிப் பாடிப் படம் எடுப்பதென்பது ஏறக்குறைய ஒரு சிறைவாசமாகவே இருந்தது. 1927 அக்டோபரில் வார்னர் சகோதரர்களின் ‘ஜாஸ் சிங்கர்’ வெளிவந்து, ஆல் ஜோல்சன் திரையிலிருந்து வாய்விட்டுப் பாடுவதைக் கேட்ட ஜனங்கள் கொட்டகைகளை முற்றுகையிட்டபோது, ஸ்டூடியோ முதலாளிகள் மௌனப் படங்களைக் கைகழுவிவிட்டுச் சங்கீதத்தின் பின்னால் ஓடத் தொடங்கினார்கள். ஆனால் அந்நாளைய மைக்ரோபோனுக்குப் பாகுபாடு தெரியாது. நடிகையின் குரலையும் அவள் பட்டு அங்கியின் சரசரப்பையும் காமிரா மோட்டாரின் இரைச்சலையும் அது சமதிருஷ்டியுடன் வாங்கிக்கொண்டபடியால், காமிராவையும் அதை இயக்குபவரையும் சேர்த்து ஓசை கசியாத ஒரு கூண்டில் அடைத்துக் கதவைச் சாத்த வேண்டியதாயிற்று. உள்ளே இருப்பவருக்கு வியர்த்து மூச்சு முட்டும்; வெளியே ஆடுகிறவர்களோ, பூச்சாடியில் ஒளித்துவைத்த மைக்ரோபோனைவிட்டு நாலடி விலகினால் பாட்டு மறைந்துவிடும் என்ற பயத்தில், நின்ற இடத்திலேயே கைகால்களை அசைத்துக்கொண்டிருப்பார்கள். வாத்திய கோஷ்டியும் அதே மண்டபத்தில், படத்தில் விழாத ஒரு மூலையில் உட்கார்ந்து, ஆட்டத்துடன் கூடவே வாசித்தாக வேண்டும்.

இந்த விலங்கைத் தறித்தது கலை ஆர்வம் அன்று, சிக்கனம். 1929-ல் மெட்ரோ-கோல்ட்வின்-மேயர் கம்பெனியார் ‘பிராட்வே மெலடி’ என்ற படத்தை எடுத்தபோது, அதில் ஒரு நடனக் காட்சி மேடை நாடகத்தை எட்ட நின்று பார்ப்பதுபோல் உயிரற்றிருக்கிறதென்று தயாரிப்புத் தலைவர் இர்விங் தால்பெர்க் அதைத் திரும்ப எடுக்கச் சொன்னார். வாத்தியக்காரர்களை மறுபடியும் வரவழைத்தால் செலவு ஏறும். ஒலிப்பதிவுப் பகுதியின் தலைவர் டக்ளஸ் ஷியரர், பாட்டுத்தான் முன்பே நன்றாகப் பதிவாகியிருக்கிறதே, அதையே ஒலிபெருக்கியில் போட்டு அதற்கேற்ப ஆடவைத்துப் படத்தை மட்டும் பிடித்துக்கொள்ளலாம் என்று யோசனை சொன்னார். அந்தப் படம் சிறந்த படத்துக்கான அகாடமிப் பரிசையும் பெற்றது. பரிசைவிடப் பெரிய காரியம், பாட்டு முன்னே படம் பின்னே என்ற முறை நாளடைவில் தொழிலின் சம்பிரதாயமாகவே நிலைத்ததுதான். கூண்டைவிட்டுக் காமிரா வெளியே வந்தது. ஆனால் அதே முகூர்த்தத்தில் மனிதக் குரலும் மனித சரீரமும் தனித்தனி வழி பிரிந்தன. பழைய ஹாலிவுட் சங்கீத ஹாஸ்யப் படங்களில் நம் மனம் ஏன் இன்னமும் ஈடுபடுகிறதென்று ஆராயப் புகுந்தால், பிரிந்துபோன அவ்விரண்டையும் மறுபடி ஒன்றாக்கிக் காட்டுவதற்கு அந்தத் தொழிலைச் சேர்ந்தவர்கள் பட்ட பாட்டில்தான் அதன் சூட்சுமம் அடங்கியிருப்பதாக எனக்குப் படுகிறது.

முதல் மோகம் விரைவிலேயே திகட்டிவிட்டது. 1930-ஆம் வருஷத்துக்குள் ஆட்டமும் பாட்டுமாகக் குவிந்த படங்களைக் கண்டு ஜனங்கள் முகம் சுளிக்கவே, எடுத்து முடித்த படங்களிலிருந்துகூடப் பாட்டுக்களை வெட்டி எறிந்தார்கள். இந்த வறட்சிக் காலத்திலும் ரூபன் மமூலியன் 1932-ல் எடுத்த ‘லவ் மீ டுநைட்’ ஓர் அபூர்வமான விதிவிலக்கு. அதில் பாரிஸ் நகரத் தையற்காரன் ஒருவன் தன் கடையில் பாடும் பாட்டு, வாடிக்கைக்காரரின் வாயில் தொற்றி, வாடகைக் கார்காரனிடம் தாவி, ரயிலில் செல்லும் சிப்பாய்களின் அணிவகுப்புப் பாட்டாகி, நாடோடி ஒருவனின் வயலின் வழியாகக் கடைசியில் தொலைதூரத்து மாளிகை மாடத்தில் நிற்கும் ராஜகுமாரியின் காதில் போய் விழுகிறது. இருவரும் ஒருவரையொருவர் இன்னும் கண்டதுகூட இல்லை. குரல் உடம்பைவிட்டுப் பிரிந்ததை ஒரு நஷ்டமாகக் கருதாமல், அந்தப் பிரிவையே காதல் தூதாக்கிய சாமர்த்தியம் அது.

1933 மார்ச்சில் ரூஸ்வெல்ட் பதவியேற்றபோது அமெரிக்காவெங்கும் பாங்குகள் கதவடைத்துக் கிடந்தன. அந்த மாதத்தில்தான் வார்னர் கம்பெனியின் ‘நாற்பத்திரண்டாவது தெரு’ நியூயார்க்கில் வெளியாயிற்று. வேலையற்று அலையும் நாட்டியப் பெண்கள், கைப்பணத்தை இழந்த நாடக இயக்குநர், கணுக்கால் முறிந்த நட்சத்திரத்துக்குப் பதிலாக மேடையேறும் புதுப்பெண் என்று, கதை முழுவதும் தொழிலையும் கூலியையும் பற்றியதே. அதன் ஆட்டங்களை அமைத்த பஸ்பி பெர்க்லி, முதல் உலக யுத்தத்தின்போது பிரான்ஸில் ராணுவ அணிவகுப்புகளை நடத்திப் பழகியவர். தனி ஒருத்தியின் கால் வேலையில் அவருக்கு அக்கறை கிடையாது, நூறு பெண்கள் சேர்ந்து விரியும் கோலமே வேண்டும். அந்தக் கோலத்தை நேர் மேலேயிருந்து பார்ப்பதற்காக ஸ்டூடியோக் கூரையில் துவாரமிடவும் அவர் தயங்கவில்லை. அதே மார்ச் 10-ஆம் தேதி, ‘1933-ன் கோல்ட் டிக்கர்ஸ்’ படத்துக்காக, மின்சாரக் குழல் விளக்குகள் பதித்த வயலின்களை ஏந்திய பெண்களை உயர்ந்த வளைவு மேடைகளில் நிறுத்தி அவர் படமெடுத்துக்கொண்டிருந்த சமயம், லாங் பீச் பூகம்பம் வந்தது. விளக்குகள் அணைந்தன; காமிராச் சாரத்திலிருந்து பெர்க்லி கீழே விழத் தெரிந்தார்; இருட்டில் பெண்கள் இறங்க முயன்று தவறி விழாதபடி, இருந்த இடத்திலேயே உட்காரச் சொல்லிக் கத்தினார். திரையில் மிதக்கும் வெள்ளை வயலின்களைப் பார்க்கிறவர்களுக்கு இந்தக் கலவரத்தின் சுவடுகூடத் தெரியாது.

‘கோல்ட் டிக்கர்ஸ்’ படத்தின் போக்கிரித்தனத்தையும் சொல்லவேண்டும். உடம்பெல்லாம் நாணயங்களை அணிந்த பெண்கள் பணம் கொழிப்பதைப் பாடிக்கொண்டிருக்கையில், பாக்கி வசூலிக்க வந்த அதிகாரியின் ஆட்கள் புகுந்து திரைச்சீலைகளையும் உடுப்புகளையும் ஜப்தி செய்கிறார்கள். முடிவிலோ, யுத்தத்திலிருந்து திரும்பி ரொட்டிக்கு வரிசையில் நிற்கும் சிப்பாய்களைப் பற்றிய நீண்ட பாட்டு ஒன்று, ஹாஸ்யத்தை அப்படியே நிறுத்திவிடுகிறது. கவலையை மறக்கவே ஜனங்கள் இப்படங்களுக்குப் போனார்கள் என்று சொல்வது வழக்கம். கவலையைக் கதவுக்கு வெளியே விட்டுவிட்டு வரும்படி இந்தப் படம் எவரையும் கேட்கவில்லை.

பெர்க்லிக்கு நேர் எதிரான மார்க்கம் பிரெட் அஸ்டேருடையது. 1899-ல் ஒமாஹாவில் பிறந்து, தமக்கை அடேலுடன் பால்யம் முதல் மேடையில் ஆடிவந்த அவர், தமக்கை 1932-ல் கலியாணமாகி ஒதுங்கியபின் ஹாலிவுட்டுக்கு வந்தார். அடுத்த வருஷம் ஜிஞ்சர் ராஜர்ஸுடன் சேர்ந்து ஆடத் தொடங்கி, ஆர்.கே.ஓ. கம்பெனியில் மட்டும் 9 படங்கள் செய்தார். அவருடைய நிபந்தனை ஒன்றே: தலைமுதல் பாதம் வரை முழு உருவமும் சட்டத்துக்குள் இருக்கவேண்டும், கூடியமட்டும் வெட்டு விழக்கூடாது. பாட்டை முன்பே பதிவு செய்யலாம், குரலைத் திருத்தலாம், முகத்துக்குச் சாயம் பூசலாம். வெட்டாமல் ஓடும் படச்சுருளில் கால்கள் செய்யும் காரியத்தை மட்டும் எவரும் இரவல் வாங்க முடியாதென்று காட்டுவதே அவர் நோக்கம் போலும். இதற்குக் கொடுத்த விலையும் கொஞ்சமன்று. 1936-ல் வெளிவந்த ‘ஸ்விங் டைம்’ படத்தின் இறுதி நடனத்தை 40 தடவைக்கு மேல் எடுத்தார்கள். ராஜர்ஸின் பாதங்களில் ரத்தம் கசிந்தது. முந்திய வருஷத்து ‘டாப் ஹாட்’டில், அந்த அம்மாள் பிடிவாதமாக அணிந்துவந்த தீக்கோழி இறகு அங்கி, சுழலும்போதெல்லாம் இறகுகளை உதிர்த்து அஸ்டேரின் கண்ணிலும் கறுப்புக் கோட்டிலும் ஒட்டவைத்தது. அஸ்டேர் சீறினார், பிறகு தாமே ஒரு தங்க இறகைப் பரிசாகக் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டார். கூர்ந்து பார்த்தால் அந்த நடனத்தில் இரண்டொரு இறகுகள் பறப்பதை இன்றும் காணலாம்.

இத்தனை சத்தியத்துக்கு நடுவிலும் ஒரு பொய் உண்டு. மேடையில் ஒலிக்கும் காலடித் தாளத்தைப் பெரும்பாலும் படம் எடுத்த பிறகே தனியாகப் பதிந்து ஒட்டினார்கள்; ராஜர்ஸின் பாகத்தை அவருக்காகத் தட்டியவர் நடன உதவியாளர் ஹெர்மிஸ் பான் என்ற ஆடவர்.

சொந்தக் கால் இருந்தும் சட்டத்துக்குள் இடமில்லாதவர்களும் இருந்தார்கள். 1943-ல் வந்த ‘ஸ்டார்மி வெதர்’ படத்தில், கறுப்பின இளைஞர்களான நிகலஸ் சகோதரர்கள், படிக்கட்டில் ஒருவர் தலைமேல் ஒருவராகத் தாவி, ஒவ்வொரு படியிலும் கால்களை அகல விரித்து விழுந்து, கையூன்றாமல் எழும் அந்தச் சில நிமிஷங்களுக்கு ஈடாக அஸ்டேரின் படங்களிலும் எதையும் சொல்லத் துணியேன். அப்படியிருந்தும் கதாநாயகர்களாக நடிக்க அவர்களை ஒருவரும் அழைக்கவில்லை. லீனா ஹார்ன் என்ற மகத்தான பாடகியை மெட்ரோ கம்பெனி ஒப்பந்தம் செய்துகொண்டு, கதையோடு ஒட்டாமல் தூணோரமாக நிறுத்திப் பாடவைத்தது. தென் மாகாணக் கொட்டகைகளில் அந்தப் பகுதியை மட்டும் கத்தரித்துவிடுவதற்கு அதுவே சௌகரியம்.

அதே மெட்ரோ கம்பெனியில், ‘பிராட்வே மெலடி’க்குப் பாட்டெழுதிய ஆர்தர் பிரீட் தயாரிப்பாளராக உயர்ந்து, 1940-களில் ஒரு தனிப் பட்டறையையே நடத்திவந்தார். தம்முடைய பழைய பாட்டுக்களையெல்லாம் கோத்து ஒரு கதை எழுதும்படி அவர் கேட்க, பெட்டி காம்டனும் அடால்ப் கிரீனும் அந்தப் பாட்டுக்கள் பிறந்த காலத்தையே, அதாவது கூண்டுக் காமிராவும் பூச்சாடி மைக்ரோபோனும் ஆண்ட காலத்தையே, கதையாக்கினார்கள். அதுதான் ‘சிங்கிங் இன் த ரெயின்’. 1952-ல் வெளிவந்தது. கீச்சுக் குரல் நட்சத்திரம் ஒருத்திக்காகத் திரைமறைவில் ஓர் ஏழைப் பெண் பாட, இறுதியில் திரை விலகி அவள் யாரென்று சபைக்குத் தெரிகிறது. தொழில் தன்னைத்தானே பரிகசித்துக்கொண்ட இதைவிட நல்ல ஹாஸ்யத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் ஏழைப் பெண்ணாக நடித்த டெப்பி ரெய்னால்ட்ஸின் ஒரு பாட்டை உண்மையில் பாடியவர் பெட்டி நாயிஸ் என்னும் வேறொருவர். அவள் நட்சத்திரத்துக்காக வசனம் பேசும் இடத்தில் நாம் கேட்பதோ, அந்தக் கீச்சுக் குரல்காரியாக நடித்த ஜீன் ஹேகனுடைய சொந்த, இனிய குரல்!

கால்கள் மட்டும் ரெய்னால்ட்ஸுடையவையே. அப்போது 19 வயதே ஆன அவர், காலையில் தொடங்கி இரவு வரை ஒரே நடனத்தைத் திரும்பத் திரும்ப ஆடி, பாதத்து ரத்தக் குழாய்கள் வெடித்து வீழ்ந்தார். கதாநாயகராக நடித்த ஜீன் கெல்லி கடும் ஜுரத்துடனேயே அந்தப் பிரசித்தமான மழை நடனத்தை ஆடினார். குட்டைகள்கூட அவர் கால் படும் கணக்குப்படி தெருவில் குழிக்கப்பட்டவை.

நம் நாட்டில் பின்னணிப் பாடகரின் பெயரைச் சொல்லியே பாட்டை ரசிக்கிறோம். எவரும் அதை மோசடியென்று நினைப்பதில்லை. ஹாலிவுட்டிலோ அது கடைசிவரை மூடி மறைக்க வேண்டிய ரகசியம். ‘கிங் அண்ட் ஐ’யில் டெபோரா கெர்ருக்கும், ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’யில் நாடலி உட்டுக்கும், 1964-ல் ‘மை பேர் லேடி’யில் ஆட்ரி ஹெப்பர்னுக்கும் பாடிய மார்னி நிக்ஸனின் பெயர் அந்தப் படங்களின் தலைப்பெழுத்துகளில் கிடையாது. மறு வருஷம் ‘சவுண்ட் ஆப் மியூசிக்’ படத்தில் சோபியா என்னும் கன்னியாஸ்திரீயாக ஒரு சிறு வேடம் அவருக்குக் கிடைத்தது. அதில் முகமும் அவருடையது, குரலும் அவருடையது.