வலி இல்லையே என்று நிம்மதி வேண்டாம்: கை, கால் மரத்துப்போகும் நரம்பு பாதிப்போடு வாழ்வது எப்படி?

மே மாத மதியம். கோயில் பிராகாரத்தின் கல் தரை கொதிக்கிறது. எல்லோரும் நுனிக்காலில் ஓடி நிழலைத் தேடுகிறார்கள். ஒருவர் மட்டும் சாவகாசமாக நடந்து வருகிறார். இரவு படுக்கும்போது பெட்ஷீட்டில் ஈரம் தெரிய, காலைத் திருப்பிப் பார்க்கிறார். இரண்டு உள்ளங்காலிலும் கொப்புளம் உடைந்திருக்கிறது. தரை சுட்டது அவருக்குத் தெரியவே இல்லை.

நீரிழிவு பாதப் புண்ணுக்கு சிகிச்சை தரும் மருத்துவர்களுக்குக் கோடையில் இது பழகிய கதை. இதன் பின்னால் இருப்பது பெரிஃபெரல் நியூரோபதி. தமிழில் புற நரம்பு பாதிப்பு என்கிறார்கள். மூளைக்கும் தண்டுவடத்துக்கும் வெளியே, கை கால் வரை ஓடும் நரம்புகள் பழுதாவதுதான் இது.

'நமக்கென்ன, அப்பா வயசுக்காரங்க பிரச்னைதானே' என்று நகர வேண்டாம். உங்கள் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இது இருந்தால், அதை முதலில் கண்டுபிடிக்கப்போவது அநேகமாக நீங்கள்தான். ஏன் என்று பார்ப்போம்.

உள்ளே என்ன நடக்கிறது?

இடுப்புக்கு அருகே தண்டுவடத்திலிருந்து கால் விரல் நுனி வரை போகும் ஒரு நரம்பு இழையின் நீளம் சுமார் 1 மீட்டர். அதற்கான சத்தெல்லாம் தண்டுவடத்தை ஒட்டியிருக்கும் செல்லிலிருந்து அந்த இழை வழியாகவே கடைசி வரை போய்ச் சேர வேண்டும். சர்க்கரையோ, மதுவோ, சத்துக் குறைபாடோ நரம்பைப் பாதித்தால் முதலில் தவிப்பது கடைக்கோடிதான். அதனால்தான் பெரும்பாலும் இரண்டு கால் விரல்களிலும் ஒரே நேரத்தில் தொடங்கி, சாக்ஸ் அளவுக்கு மேலே ஏறுகிறது. கிட்டத்தட்ட முழங்கால் அளவை நெருங்கும்போது கை விரல் நுனிகளிலும் ஆரம்பிக்கும்.

நரம்புகளில் பல வகை உண்டு. சூடு, குளிர்ச்சி, வலியை உணர்த்துபவை சிறிய இழைகள். தொடுதல், அதிர்வு, பாதம் எந்த நிலையில் இருக்கிறது என்பதைச் சொல்பவை பெரிய இழைகள். எது பழுதாகிறதோ அதற்கேற்ப அறிகுறி மாறும். ஒருவருக்கு எரிச்சல் தாங்க முடியாது. இன்னொருவருக்கு எதுவுமே தெரியாது. சிலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும்: இரவில் நெருப்பாக எரியும் அதே கால், பகலில் முள் குத்தினால் உணராது.

எப்படிக் கண்டுபிடிப்பது?

வீட்டில் பெரியவர்கள் 'எனக்கு நியூரோபதி' என்று சொல்ல மாட்டார்கள். அவர்கள் சொல்வது இப்படித்தான் இருக்கும்:

• 'மெத்தை மேல நடக்கிற மாதிரி இருக்கு.'
• 'கால்ல எறும்பு ஊருது, சுருக்கு சுருக்குன்னு குத்துது.'
• 'செருப்பு எங்கேயோ கழண்டு விழுந்திருக்கு, கவனிக்கவே இல்ல.'
• 'ராத்திரி போர்வை பட்டாலே எரியுது.'
• 'சட்டை பட்டன் போட இவ்ளோ நேரம் ஆகுது.'

இன்னொரு அறிகுறியையும் கவனியுங்கள். வாஷ்பேசினில் கண்ணை மூடி முகம் கழுவும்போது தள்ளாடுவது. பாதம் எங்கே இருக்கிறது என்ற தகவல் நரம்பு வழியே வராதபோது, கண்தான் அந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். கண்ணை மூடியதும் அதுவும் போய்விடுகிறது. இருட்டில் பாத்ரூம் போகும்போது விழுவதற்கும் இது ஒரு காரணம்.

நாள் முழுக்க லேப்டாப் முன்னால் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மட்டும் மரத்துப்போய், இரவில் கையை உதறினால் சரியாகிறது என்றால், அது மணிக்கட்டில் ஒரு நரம்பு நசுங்கும் கார்பல் டனல் பிரச்னையாக இருக்கலாம். அதற்கான சிகிச்சை வேறு. கால் விரல்களில் தொடங்கிக் கைக்கு வருவதுதான் நாம் பேசும் பாதிப்பின் வழக்கமான பாதை.

இந்தியாவில் ஏன் இது பெரிய விஷயம்?

முதல் காரணம் நீரிழிவு. ஐ.சி.எம்.ஆர்-இந்தியாப் ஆய்வு 2008 முதல் 2020 வரை நாடு முழுக்க 1.13 லட்சம் பேரைப் பரிசோதித்தது. 2023-ல் வெளியான அதன் கணக்குப்படி, இந்தியாவில் 10.1 கோடி பேருக்கு நீரிழிவு. இன்னும் 13.6 கோடி பேர் அதற்கு முந்தைய நிலையில் இருக்கிறார்கள். நீரிழிவு உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது நரம்பு பாதிப்பு வரும் என்பது மருத்துவ உலகின் பொதுவான மதிப்பீடு. நாம் குறைத்து, நான்கில் ஒருவர் என்று வைத்தாலும் 2.5 கோடி பேர். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7.2 கோடி. அதில் மூன்றில் ஒரு பங்கு என்று யோசித்துப் பாருங்கள்.

இரண்டாவது, வைட்டமின் பி12 குறைபாடு. இந்தச் சத்து இயற்கையாகக் கிடைப்பது இறைச்சி, மீன், முட்டை, பால் போன்றவற்றில்தான். சைவம் மட்டும் சாப்பிட்டு, பால், தயிரும் குறைவாக எடுப்பவர்களுக்குக் குறைபாடு வரலாம். நீரிழிவுக்கு அதிகம் தரப்படும் மெட்ஃபார்மின் மாத்திரையை வருடக்கணக்கில் எடுத்தாலும் பி12 குறையலாம். அப்போது 'சுகர்னாலதான் மரத்துப்போகுது' என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்க, உண்மைக் காரணம் பி12 ஆக இருக்கக்கூடும். சீக்கிரம் கண்டுபிடித்தால் பெருமளவு சரிசெய்யக்கூடிய காரணம் என்பதால், இதைத் தவறவிடக் கூடாது.

மூன்றாவது, தொழுநோய். உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படும் தொழுநோயாளிகளில் பாதிக்கும் மேல் இந்தியாவில்தான். எண்ணிக்கையில் ஒரு லட்சத்துக்கும் அதிகம். தோலில் வெளிர் நிறத் திட்டு, அங்கே உணர்ச்சி இல்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே காட்டலாம். கூட்டு மருந்து இலவசம்.

இவை தவிர நீண்டகால மதுப்பழக்கம், தைராய்டு குறைபாடு, சிறுநீரகக் கோளாறு, சில பரம்பரை நோய்கள் உண்டு. காசநோய்க்கான ஐசோனியாசிட், லினசோலிட், புற்றுநோய்க்கான பாக்லிடாக்சல், வின்கிறிஸ்டின் போன்ற மருந்துகளும் நரம்பைத் தாக்கலாம். இவற்றை நீங்களாக நிறுத்தக் கூடாது. மரமரப்பு தொடங்கியதும் மருத்துவரிடம் சொன்னால் அளவை மாற்றவோ, துணை மருந்து தரவோ வழி இருக்கிறது.

வேலூரில் கிடைத்த பாடம்

சிறுவயதைக் கொல்லிமலையில் கழித்த பிரிட்டிஷ் அறுவை சிகிச்சை மருத்துவர் பால் பிராண்ட், 1946-ல் வேலூர் சி.எம்.சி மருத்துவமனைக்கு வந்தார். தொழுநோய் வந்தால் சதை தானாகவே அழுகி விரல்கள் போய்விடும் என்று அப்போது பலரும் நம்பினார்கள். பிராண்டும் அவருடைய குழுவினரும் நோயாளிகளை நெருங்கிக் கவனித்தபோது வேறொன்று தெரிந்தது. சூடான பாத்திரம், செருப்புக்குள் இருந்த ஆணி, தூக்கத்தில் எலிக்கடி. விரல்களைப் பறித்தது பெரும்பாலும் இதுபோன்ற சாதாரணக் காயங்கள்தான். வலிக்காததால் யாரும் அந்தக் கையைப் பாதுகாக்கவில்லை, ஓய்வு கொடுக்கவில்லை. புண் மேலேயே வேலை செய்தார்கள்.

1960களில் அமெரிக்காவுக்குச் சென்ற பிராண்ட், இதே பாடத்தை நீரிழிவு நோயாளிகளின் பாதங்களுக்கும் பொருத்தினார். வலி என்பது உடம்பின் காவல்காரன். அது லீவில் போய்விட்டால், அந்த டியூட்டியைக் கண்ணும் பழக்கமும்தான் பார்க்க வேண்டும். இந்த நோயோடு வாழ்வதன் மையமே இதுதான்.

என்ன பரிசோதனை?

ஆரம்பப் பரிசோதனை மிக எளிது. 10 கிராம் அழுத்தம் தரும் ஒரு நைலான் இழையைப் பாதத்தில் பல இடங்களில் வைத்து, தெரிகிறதா என்று கேட்பார்கள். பள்ளி இயற்பியலில் பார்த்த இசைக்கவையை விரலில் வைத்து அதிர்வு தெரிகிறதா என்று பார்ப்பார்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடும். டைப் 2 நீரிழிவு உள்ளவர்களுக்கு, நோய் கண்டறியப்பட்ட நாளிலிருந்தே வருடத்துக்கு ஒரு முறை இது தேவை. சர்க்கரை இருப்பதே தெரியாமல் சில வருடங்கள் ஓடியிருக்கலாம் என்பதுதான் காரணம்.

ரத்தத்தில் ஹெச்பிஏ1சி, பி12, தைராய்டு, சிறுநீரகச் செயல்பாடு பார்ப்பார்கள். தேவைப்பட்டால் நரம்புக் கடத்தல் சோதனை. இது பெரிய இழைகளை மட்டுமே அளக்கும். ரிப்போர்ட் 'நார்மல்' என்று வந்தும் கால் எரிகிறது என்றால், அது கற்பனை என்று அர்த்தமில்லை. சிறிய இழைகள் மட்டும் பாதிக்கப்பட்டிருக்கலாம்.

மருந்து எதைச் செய்யும், எதைச் செய்யாது?

பிரீகாபலின், கபாபென்டின், டுலாக்செடின், அமிட்ரிப்டிலின். எரிச்சலுக்கும் குத்தலுக்கும் அதிகம் எழுதப்படுபவை இவைதான். இவை வலியைக் குறைக்கும். போன உணர்ச்சியைத் திருப்பித் தராது. சிலருக்குத் தூக்கக் கலக்கமும் தலைசுற்றலும் வரும் என்பதால், ஆரம்ப நாட்களில் வண்டி ஓட்டுவதில் கவனம் தேவை. திடீரென நிறுத்தவும் கூடாது.

'நரம்புக்கு சத்து மாத்திரை' என்று மெடிக்கல் ஷாப்பில் நாமே கேட்டு வாங்கும் பழக்கத்தில் ஒரு சிக்கல் உண்டு. பி12 குறைபாடு இருந்தால் பி12 உதவும். ஆனால், வைட்டமின் பி6-ஐ அதிக அளவில் நீண்ட நாள் எடுத்தால், அதுவே நரம்பு பாதிப்பை உண்டாக்கும். அட்டையின் பின்னால் அளவைப் பாருங்கள், மருத்துவரிடம் காட்டுங்கள்.

சர்க்கரைக் கட்டுப்பாடு எவ்வளவு உதவும்? டைப் 1 நீரிழிவு உள்ளவர்களிடம் நடந்து 1993-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், தீவிரக் கட்டுப்பாடு நரம்பு பாதிப்பின் அபாயத்தைச் சுமார் 60% குறைத்தது. டைப் 2-ல் பலன் இந்த அளவுக்கு இல்லை. அங்கே எடை, ரத்த அழுத்தம், கொழுப்பு, புகைப்பழக்கம் எல்லாவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

தினசரி வாழ்க்கை: என்ன மாற்றலாம்?

காலுக்கு:

• தினமும் இரவு பாதத்தைப் பாருங்கள். உள்ளங்கால் தெரியவில்லை என்றால் தரையில் கண்ணாடி வைக்கலாம், மொபைலில் படம் எடுக்கலாம். சிவப்பு, கொப்புளம், வெடிப்பு, விரல் இடுக்கில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள்.
• வீட்டுக்குள்ளும் செருப்பு. நம் வீடுகளில் இது கஷ்டம்தான். உள்ளே போட மட்டும் தனி ஜோடி வைத்தால் மனசு ஒப்புக்கொள்ளும். உணர்ச்சி குறைந்த பாதங்களுக்கென்றே எம்.சி.ஆர் ரப்பர் செருப்புகள் கிடைக்கின்றன.
• ஷூ போடும் முன் தலைகீழாகத் தட்டி, உள்ளே எட்டிப் பாருங்கள். பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் ஷூ வாங்குங்கள்.
• நகத்தை நேராக வெட்டுங்கள். ஆணிக்காலுக்கு பிளேடும் வேண்டாம், கடையில் விற்கும் ஆணிக்கால் பிளாஸ்டரும் வேண்டாம்.
• பித்தவெடிப்புக்குத் தேங்காய் எண்ணெயோ கிரீமோ தடவலாம். விரல் இடுக்கில் மட்டும் வேண்டாம்.
• வெந்நீர் ஒத்தடம், ஹீட்டிங் பேட், சூடான ஃபுட் மசாஜர் எதுவும் வேண்டாம். குளிக்கும் தண்ணீரின் சூட்டை, உணர்ச்சி உள்ள முழங்கையால் பாருங்கள்.
• கோயிலுக்கு அதிகாலையிலோ பொழுது சாய்ந்தோ போங்கள். பைக் சைலன்சர் பக்கம் இறங்க வேண்டாம்.

கைக்கு:

• தோசைக்கல், குக்கர் மூடி, சூடான டம்ளர். மூன்றுக்கும் துணியோ இடுக்கியோ கட்டாயம்.
• கத்தி பிடிக்கும் கையைப் பார்த்தபடியே நறுக்குங்கள். டிவி பார்த்துக்கொண்டு காய் வெட்டும் காலம் முடிந்துவிட்டது.
• பட்டனுக்குப் பதில் ஜிப், தடிமனான பேனா, போனில் குரல்வழி டைப்பிங். இவை தோல்வி இல்லை, வசதி.

கார் ஓட்டுபவர்கள் ஒன்றை நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்: பிரேக்கில் கால் இருக்கிறதா என்பது பார்க்காமலே தெரிகிறதா? தெரியவில்லை என்றால், மருத்துவர் சொல்லும்வரை ஸ்டியரிங்கைத் தொடாமல் இருப்பது நல்லது.

வெளியே தெரியாத சுமை

இந்த நோயில் தூக்கம் கெடும். எரிச்சல் இரவில்தான் கூடும். ஆனால் வெளியே கட்டும் இல்லை, காயமும் இல்லை. 'பார்க்க நல்லாத்தானே இருக்கீங்க' என்ற வார்த்தையை வீட்டிலும் ஆபீஸிலும் கேட்டுக் கேட்டு, பலர் சொல்வதையே நிறுத்திவிடுகிறார்கள்.

சட்டத்திலும் ஓர் இடைவெளி இருக்கிறது. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தொழுநோயிலிருந்து குணமானவர்களுக்குக் கை அல்லது காலில் உணர்ச்சி இழப்பு இருப்பதை வெளிப்படையாகக் குறிப்பிடுகிறது. அதே உணர்ச்சி இழப்பு நீரிழிவால் வந்தால், சட்டத்தின் பட்டியலில் தனிப் பெயர் இல்லை. நடக்கவோ, பிடிக்கவோ முடியாத அளவுக்குப் போனால்தான் இயக்கக் குறைபாடு என்ற பிரிவில் மதிப்பிட வாய்ப்பு. இடஒதுக்கீடு போன்ற பலன்களுக்கு 40% குறைபாடு தேவை. அந்த அளவை எட்டாத லட்சக்கணக்கானவர்களுக்கு, உட்கார்ந்து வேலை செய்ய ஒரு நாற்காலி வேண்டும் என்றாலும் மேனேஜரிடம் பேசித்தான் வாங்க வேண்டும்.

எப்போது காத்திருக்கக் கூடாது?

• பாதத்தில் புண், சிவந்த வீக்கம், துர்நாற்றம், கருத்த நிறம்: வலி இல்லாவிட்டாலும் அன்றே மருத்துவமனை.
• ஒரு பாதம் மட்டும் சூடாகி வீங்குவது: எலும்பு உள்ளே நொறுங்கும் சார்கோட் பாதமாக இருக்கலாம். எடை வைக்காமல் போங்கள்.
• சில நாட்களிலேயே பலவீனம் காலிலிருந்து மேலே ஏறுவது: 2025 தொடக்கத்தில் புனேவில் பலரைப் பாதித்த குய்லான்-பாரே நோய் இப்படித்தான் வரும். மூச்சையும் பாதிக்கலாம் என்பதால் இது அவசரம்.
• திடீரென ஒரு பக்கம் மரத்துப்போய், முகம் கோணி, பேச்சு குழறுவது: பக்கவாதம். உடனே 108.

இப்போதே செய்யக்கூடியது

நீரிழிவுப் புண்ணால் காலை இழந்த பலருடைய கதையும் ஒரு சின்னக் காயத்தில்தான் தொடங்குகிறது. வலித்திருந்தால் அவரே கவனித்திருப்பார். வலிக்காததால், வேறொருவர் பார்க்க வேண்டியிருக்கிறது. மூட்டு வலியால் குனிய முடியாத, கண் பார்வை மங்கிய ஒருவரால் தன் உள்ளங்காலைத் தானே பார்க்க முடியாது.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, சுகர் ரிப்போர்ட்டை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். 'அப்பா, காலைக் கொஞ்சம் காட்டுங்க' என்று கேளுங்கள். 'அதெல்லாம் ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கு' என்பார். உட்கார வைத்து, விளக்கைப் போட்டு, விரல் இடுக்கு வரை பாருங்கள். இரண்டு நிமிடம்கூட ஆகாது.