விடிய விடிய நடந்த கூத்து: புரிசைத் தம்பிரான்களும் நம் வட்டாரமும்

2025-ஆம் ஆண்டு குடியரசு தினத்தையொட்டி வந்த பத்மஸ்ரீ பட்டியலில் புரிசை கண்ணப்ப சம்பந்தன் என்ற பெயரைப் பார்த்ததும் நம் நண்பர்கள் சிலர் கேட்ட முதல் கேள்வி, "நம்ம புரிசையா?" என்பதுதான். நம்ம புரிசையேதான். ஆரணியிலிருந்து செய்யாறு போய், அங்கிருந்து வந்தவாசி பக்கம் திரும்பினால் வருகிற அதே கிராமம். டெல்லிக்குத் தெரிந்த பிறகுதான் நமக்கு ஞாபகம் வருகிறது. என்ன செய்ய, அப்படித்தான் இருக்கிறோம்.

மலர்க் குழுவினர் வட்டார வரலாறு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். ஆரணி என்றால் கோட்டை, ஜாகீர், 1751-ல் கிளைவ் இங்கே நடத்திய சண்டை என்று எழுதுவது வழக்கம். ஆனால் அந்தச் சண்டையில் யார் யாரோடு மோதினார்கள் என்று நம் தெருவில் கேட்டால் பதில் வருவது கஷ்டம். பதினெட்டாம் போரில் துரியோதனன் எங்கே போய் ஒளிந்தான் என்று கேளுங்கள். தறிக்குழியில் உட்கார்ந்தபடியே, நாடாவை நிறுத்தாமல் சொல்லிவிடுவார்கள். அதைச் சொல்லிக்கொடுத்தது பள்ளிக்கூடம் அல்ல, கூத்து. ஆகவே இந்தக் கட்டுரை கூத்தைப் பற்றியது.

பழைய வடஆற்காடு, தென்ஆற்காடு, செங்கற்பட்டு ஜில்லாக்களில் துரோபதை அம்மன் கோயில் இல்லாத வட்டாரம் குறைவு. கோடையில் அங்கே பாரதம் வைப்பார்கள். பகலில் பிரசங்கியார் வில்லிபாரதம் சொல்லுவார். இரவில் அதே கதையைக் கூத்தாக விடுவார்கள். நம் பக்கத்தில் யாரும் கூத்து 'நடத்துவது' இல்லை, கூத்து 'வுடறது'தான். வில் வளைப்பு, ராஜசூய யாகம், துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம் என்று ராத்திரிக்கு ஒன்றாக நகர்ந்து பதினெட்டாம் போரில் முடியும். தபசன்று உயரமான மரத்தின் மேல் பாடிக்கொண்டே ஏறும் அர்ச்சுனன் மேலேயிருந்து எலுமிச்சம்பழம் வீசுவான். பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் கீழே ஈரப்புடவையோடு முந்தானை ஏந்தி நிற்பார்கள். கடைசி நாள் காலையில் மண்ணால் செய்த மாபெரும் துரியோதனன் உருவத்தின் மேல் படுகளம், சாயங்காலம் தீமிதி. இதில் எது நாடகம், எது வழிபாடு என்று கோடு போட முடியாது. கர்ண மோட்சத்தைச் சாவு வீட்டுக் காரியத்துக்கும் விடுகிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கூத்தாடும் குழுவுக்கு ஜமா என்று பெயர். மிருதங்கம், டோலக்கு, தாளம், ஆர்மோனியப் பெட்டி, எல்லாவற்றுக்கும் மேலே காதைத் துளைக்கும் முகவீணை. முதலில் மேளக்கட்டு. அடுத்த ஊருக்கும் கேட்க வேண்டும், அதுதான் நோட்டீசு. பிறகு கட்டியக்காரன் வருவான். அப்புறம் இரண்டு பேர் பிடித்த திரைக்குப் பின்னாலிருந்து ராஜா பாடுவார். உடனே முகத்தைக் காட்டிவிட மாட்டார். கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம் எல்லாம் மரத்தில் செதுக்கிக் கண்ணாடித் துண்டும் வண்ணத்தாளும் ஒட்டியவை. அந்தப் பாரத்தைக் கட்டிக்கொண்டு விடியும்வரை சுற்றி ஆடிப் பாட வேண்டும். மைக் வராத காலத்தில் எட்டுக்கட்டைச் சாரீரம் இல்லாதவனுக்கு ஜமாவில் வேலை கிடையாது.

துகிலுரிதல் பற்றி நம் ஊர்க்காரன் என்ற முறையில் ஒரு வார்த்தை. அன்றைக்குப் பாஞ்சாலி வேஷக்காரருக்கும் துச்சாதனன் வேஷக்காரருக்கும் கற்பூரம் காட்டிய பிறகுதான் புடவையில் கை வைப்பார்கள். ஆட்டத்தில் துச்சாதனனுக்கு ஆவேசம் வந்து ஆட்கள் பிடித்துக்கொள்வதும் உண்டு. ஒரு புடவை நெய்ய எத்தனை நாள் குனிந்து உட்கார வேண்டும் என்று தெரிந்த ஜனங்கள் முன்னால், ஒருவன் ஒரு பெண்ணின் புடவையைப் பிடித்து இழுக்கிறான். நகரத்துச் சபாவில் அந்தக் காட்சியைப் பார்ப்பவருக்கும் நமக்கும் வித்தியாசம் இருக்கத்தான் செய்யும்.

புரிசைக் குடும்பம் ஐந்து தலைமுறையாக இந்தத் தொழிலில் இருக்கிறது. துரைசாமித் தம்பிரானுக்குப் பிறகு நடேச தம்பிரானும் கண்ணப்ப தம்பிரானும் பெயர் பெற்றார்கள். எழுபதுகளின் நடுவில் நடேச தம்பிரானின் ஆட்டத்தைப் பார்த்த எழுத்தாளர் ந. முத்துசாமி, அதற்குப் பிறகு பழைய மாதிரி நாடகம் எழுத முடியாமல் போனார் என்றே சொல்ல வேண்டும். தஞ்சை ஜில்லா புஞ்சை கிராமத்துக்காரரான அவர் 1977-ல் சென்னையில் கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். கண்ணப்ப தம்பிரான் அங்கே போய் நடிகர்களுக்கு அடவும் பாட்டும் சொல்லிக்கொடுத்தார். பின்னாளில் சினிமாவில் பேர் வாங்கிய பசுபதி போன்றவர்கள் அந்தப் பட்டறையிலிருந்து வந்தவர்கள்தான்.

சிலர் இதை, முத்துசாமி தெருக்கூத்தைக் 'கண்டுபிடித்தார்' என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை. வெற்றிலை பாக்கு வைத்து, அச்சாரம் கொடுத்து, வருஷா வருஷம் ஜமாவை அழைத்த கிராமத்து ஜனங்களுக்கு அது காணாமல் போயிருக்கவே இல்லை. அதே சமயம் முத்துசாமி செய்தது சின்னக் காரியமும் அல்ல. படித்தவர்கள் 'கூத்தாடி' என்பதை வசவாகச் சொன்ன காலத்தில், அவர் கூத்தாடியின் காலடியில் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். 2018-ல் அவர் காலமானார்.

சென்னை உறவால் புரிசைக்கும் மாற்றம் வந்தது. ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்டின் நாடகம் ஒன்று 'வெள்ளை வட்டம்' என்று கூத்தானது. கொலம்பிய எழுத்தாளர் மார்க்வெஸின், சிறகு முளைத்த கிழவர் ஒருவர் வானத்திலிருந்து விழுகிற கதையையும் கூத்தாக்கினார்கள். கேட்க விசித்திரமாக இருக்கலாம். ஆனால் குழந்தைக்காக இரண்டு தாய்கள் வழக்காடுவதும், வந்திருப்பது தேவனா பிராணியா என்று ஊரே கூடிப் பேசுவதும் கட்டியக்காரனுக்குக் கொழுத்த தீனி அல்லவா! பாரதம் அவனுக்குப் பழக்கிவிட்ட வேலைதானே இது. கூடவே வந்த இன்னொரு மாற்றம் அவ்வளவு சந்தோஷமானதல்ல. விடிய விடிய ஆடியது, மேடைக்காக இரண்டு மணி நேரமாகச் சுருங்கியது. கூத்தில் ராத்திரி இரண்டு மணிக்கு மேல்தான் சாரீரம் இளகும், பார்ப்பவன் மனசும் இளகும். அதை எந்தக் கத்திரியாலும் வெட்டி எடுத்து ஒட்ட முடியாது. ஆனாலும் அந்த இரண்டு மணி நேரம் இல்லாவிட்டால் பல வீட்டில் அடுப்பு எரிந்திருக்காது என்பதும் வாஸ்தவம். கண்ணப்ப தம்பிரான் 2003-ல் மறைந்த பின் அவர் நினைவாகப் புரிசையில் ஆண்டுதோறும் விழா எடுத்து, முழு இரவும் ஆடி வருகிறார்கள்.

பெயரிலேயே ஒரு வழக்கு உண்டு. செய்யாறு பக்கத்துப் பெருங்கட்டூர் ராஜகோபாலும், நெதர்லாந்திலிருந்து ஆராய்ச்சிக்கு வந்து அவரை மணந்த ஹன்னே டி புருயினும் இதைக் 'கட்டைக்கூத்து' என்றே சொல்ல வேண்டும் என்பார்கள். தெரு என்ற சொல்லில் இளக்காரம் ஒட்டியிருக்கிறது என்பது அவர்கள் வாதம். புரிசையார் தெருக்கூத்து என்ற பெயரை விடவில்லை. என் கட்சி தெருவின் கட்சிதான். விடிகாலையில் பாவு விரிப்பதும் நம் தெருவில்தானே? அதனால் பட்டு மட்டமாகிவிட்டதா?

ராஜகோபால் சிறு வயதிலேயே படிப்பை நிறுத்திக் கூத்துக்கு வந்தவர். அந்த நிலைமை அடுத்த பிள்ளைகளுக்கு வரக்கூடாதென்று 2002-ல் காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் குருகுலம் தொடங்கினார்கள். பள்ளிப் படிப்பும் கூத்தும் ஒரே கூரையில். ஆண்களே பெண் வேஷம் கட்டிவந்த கலையில் அங்கே பெண் பிள்ளைகள் கிரீடம் வைத்து துரியோதனன் ஆடினார்கள். பதினெட்டு ஆண்டுக்குப் பின் 2020-ல் குருகுலம் மூடப்பட்டது. அதே வருஷம்தான் ஊரடங்கும் வந்தது. பங்குனியிலிருந்து ஆடி வரைக்கும் சம்பாதித்துத்தான் மீதி மாதங்களை ஓட்ட வேண்டும். அந்தப் பருவம் முழுக்கக் கோயில் திருவிழாக்கள் நின்றுபோயின.

இப்போது மறுபடியும் பாரதம் வைக்கிறார்கள், ஜமாக்களும் போகின்றன. நம் நண்பர்கள் வெளியூர்களிலிருந்து கோடை விடுமுறைக்கு வரும்போது ஏதாவதொரு கோயில் சுவரில் பாரத நோட்டீசு ஒட்டியிருக்கும். பத்து மணிக்குப் போய்ப் பன்னிரண்டுக்குத் திரும்பிவிடாதீர்கள். ஒரு கோரைப்பாயும் கம்பளியும் எடுத்துக்கொண்டு போங்கள்; சித்திரை மாதமானாலும் விடிகாலையில் பனி இறங்கும்.