பாதி நிரம்பினால் ஆபத்து! சிறிய பாய்மரப் படகின் தண்ணீர் தொட்டியை நிரப்புவது, வடிப்பது எப்படி?

2002 ஜூலை 4, அமெரிக்க சுதந்திர தினம். வெர்மான்ட் மாநிலத்தின் சாம்ப்ளெய்ன் ஏரியில், 11 பேருடன் சென்ற 26 அடி பாய்மரப் படகு ஒன்று கவிழ்ந்தது. உள்ளறையில் சிக்கிய 2 குழந்தைகள் உயிரிழந்தனர். படகை ஓட்டியவர் மது அருந்தியிருந்தார், ஆட்களும் அதிகம். இவற்றோடு இன்னொரு விஷயமும் பேசப்பட்டது. படகை நிமிர்த்தி வைக்க வேண்டிய தண்ணீர் தொட்டி முழுதாக நிரம்பியிருக்கவில்லை.

அது என்ன தொட்டி? படகுக்குள் எதற்குத் தண்ணீர்?

பாலாஸ்ட் என்றால் என்ன?

பாயில் காற்று மோதும்போது படகு ஒருபக்கமாகச் சாயும். கவிழாமல் இருக்க அடியில் கனம் வேண்டும். இந்தக் கனத்துக்குப் பெயர்தான் பாலாஸ்ட். பெரிய பாய்மரப் படகுகளில் ஈயம் அல்லது இரும்பு இதற்குப் பயன்படுகிறது. ஆனால் அவ்வளவு கனத்தோடு படகை டிரெய்லரில் ஏற்றி, சாதாரண காரில் இழுத்துப் போக முடியாது.

இதற்கான தீர்வுதான் தண்ணீர். ஏரியில் இறங்கியதும் தொட்டியை நிரப்பலாம், கரையேறும்போது வடித்துவிடலாம். அமெரிக்காவின் மெக்ரிகோர் 26எம் படகையே எடுத்துக்கொள்வோம். தொட்டி காலியாக இருக்கும்போது படகின் எடை சுமார் 1,150 கிலோ. தொட்டியில் பிடிக்கும் தண்ணீர் சுமார் 520 கிலோ. அதாவது படகின் எடையில் கிட்டத்தட்ட பாதி! ஹன்டர் 23.5, கேட்டலினா 250 படகின் ஒரு வகை ஆகியவற்றிலும் இதே முறைதான்.

தண்ணீர் எப்படி நிமிர்த்துகிறது?

கிணற்றுக்குள் மூழ்கிய குடம் கனக்காது. தண்ணீருக்கு மேலே தூக்கும்போதுதான் கை வலிக்கும். இங்கேயும் அதே கதைதான். படகு நேராக இருக்கும்போது தொட்டித் தண்ணீர் பெரிதாக எதுவும் செய்யாது. படகு சாயும்போது தொட்டியின் ஒருபக்கம் மேலே எழும். அப்போது அந்தக் கனம் படகைத் திரும்பக் கீழே இழுக்கும். அதனால்தான் இந்த வகைப் படகுகள் ஆரம்பத்தில் சட்டென்று சாய்ந்து, பிறகு கெட்டியாக நின்றுகொள்ளும்.

பாதி நிரம்பினால் என்ன ஆகும்?

பிரச்சினை இங்கேதான். பாதி நிரம்பிய தண்ணீர் லாரி வளைவில் திரும்பும்போது ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். படகு சாயும்போது தொட்டித் தண்ணீரும் சாயும் பக்கமே ஓடும். நிமிர்த்த வேண்டிய கனமே கவிழ்க்க உதவி செய்யும். எனவே விதி ஒன்றுதான்: தொட்டி முழுதாக நிரம்பியிருக்கணும், இல்லையென்றால் முழுதாகக் காலியாக இருக்கணும்.

நிரப்புவது எப்படி?

படகு தண்ணீரில் இறங்கியதும் பின்பக்க வால்வையும், முன்பக்கம் உள்ள காற்றுத் துளையின் மூடியையும் திறக்க வேண்டும். காற்று வெளியேறினால்தான் தண்ணீர் உள்ளே வரும். தொட்டி நீர்மட்டத்துக்குக் கீழே இருப்பதால் பம்ப் தேவையில்லை, சில நிமிடங்களில் தானாகவே நிரம்பிவிடும்.

நிரம்பியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு கிளம்பக்கூடாது. காற்றுத் துளைக்குள் விரலையோ குச்சியையோ விட்டு, தண்ணீர் மேல்மட்டத்துக்கு வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். பிறகு இரண்டையும் இறுக்கமாக மூட வேண்டும். வால்வு திறந்தபடி மோட்டாரில் வேகமாகப் போனால், முன்பக்கம் உயர்ந்து தண்ணீர் பின்பக்கமாக வெளியேறிவிடும். ஓட்டுபவருக்கு அது தெரியாது. காற்றுத் துளை திறந்திருந்தால், படகு சாயும்போது தொட்டித் தண்ணீர் உள்ளறைக்குள் வரலாம்.

காலித் தொட்டியுடன் போகலாமா?

பாய் விரித்துப் போகவே கூடாது. மோட்டாரில் மட்டும் போகலாம், அதுவும் கட்டுப்பாடுகளோடு. நீர் அமைதியாக இருக்க வேண்டும், ஆட்கள் குறைவாக இருக்க வேண்டும், பாய்கள் இறக்கப்பட்டிருக்க வேண்டும், யாரும் படகின் கூரையிலோ முன்தளத்திலோ ஏறி நிற்கக்கூடாது. மேலே ஏறும் ஒவ்வொருவரும் படகைக் கவிழ்க்கும் எடைதான்.

வடிப்பது எப்படி?

டிரெய்லரில் ஏற்றி, கரையின் சாய்தளத்தில் இழுக்கும்போது வால்வையும் காற்றுத் துளையையும் திறந்தால் போதும். முன்பக்கம் உயர்ந்திருப்பதால் தண்ணீர் தானாகவே ஓடிவிடும். அது முழுவதும் வடியாமல் சாலைக்குப் போகக்கூடாது. கூடுதல் அரை டன் கனத்தை டிரெய்லரின் டயரும் காரின் பிரேக்கும் தாங்காது.

இன்னொரு காரணமும் உண்டு. ஒரு ஏரித் தண்ணீரை இன்னொரு ஏரிக்குக் கொண்டுபோனால், வரிக்குதிரைச் சிப்பி போன்ற அந்நிய உயிரினங்களும் கூடவே போகும். சாம்ப்ளெய்ன் ஏரியிலேயே 1993-ல் இந்தச் சிப்பி கண்டுபிடிக்கப்பட்டது. மின்னசோட்டா போன்ற மாநிலங்களில் படகை வடிக்காமல் சாலையில் கொண்டுபோவது சட்டப்படி குற்றம்.

பழைய படகு வாங்குவோர் கவனத்துக்கு

மெக்ரிகோர் 26எம் உற்பத்தி 2013-ல் நின்றுவிட்டது. இப்போது கிடைப்பவை எல்லாம் கைமாறிய படகுகள்தான். வால்வு முழுதாக மூடுகிறதா, காற்றுத் துளை மூடியின் ரப்பர் நன்றாக இருக்கிறதா, எச்சரிக்கை ஸ்டிக்கர் உரியாமல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது. படகை இன்னொருவரிடம் ஓட்டக் கொடுத்தாலும், முதலில் சொல்ல வேண்டியது தொட்டியைப் பற்றித்தான். ஏனென்றால் தொட்டி நிரம்பியிருக்கிறதா, காலியா என்பது வெளியிலிருந்து பார்த்தால் எளிதில் தெரியாது.