சிறைவாயிலில் நின்றோர்

சட்டங்கள் பாராளுமன்றத்திலே மாற்றப்படுகின்றன; ஆயின், மாற்றவேண்டும் என்ற எண்ணம் எப்பொழுதும் அங்கே பிறப்பதன்று. இங்கிலாந்திலே தூக்குத்தண்டனை ஒழிந்த வரலாற்றை எழுதுவோர் 1965 ஆம் ஆண்டுச் சட்டத்தையும், அதற்காக ஓயாது வாதாடிய சிட்னி சில்வமனையும் தவறாது குறிப்பர். அதற்கு முப்பது ஆண்டுகளின் முன்னரே சிறைவாயில்களில் நின்றோரை அவ்வளவாகக் குறிப்பதில்லை.

அவர்களுள் முதலில் நினைக்கத்தக்கவர் வயலெற் வன் டெர் எல்ஸ்ற் அம்மையார். நிலக்கரி சுமக்குங் கூலியாளின் மகளாக 1882 இற் பிறந்து, சமையலறைப் பணிப்பெண்ணாயிருந்து, பின்னர் சவரக்களிம்பு விற்றுப் பெருஞ்செல்வம் ஈட்டியவர் அவர். 1935 முதல் அச்செல்வத்தை இவ்வெதிர்ப்புக்கென நீராய் இறைத்தார். தண்டனை நிறைவேறுங் காலையில் ஒலிபெருக்கி பூட்டிய வண்டிகளோடு சிறைவாயிலுக்கு வருவார். கூடியோர் தோத்திரம் பாடுவர். வானிலே விமானங்கள் பதாகைகளை இழுத்துச் செல்லும். பலர் எள்ளி நகைத்தனர். நீதிமன்றம் அபராதம் விதித்தது. மும்முறை தேர்தலில் நின்று மும்முறையுந் தோற்றார். றோய் கல்வேட் போன்றோர் 1925 இல் நிறுவிய சங்கமோ புள்ளிவிவரங்களைத் திரட்டி அறிவுக்கு முறையிட்டது. இரண்டும் வேண்டப்பட்டன என்றே கொள்ளல் தகும். கணக்கு வாசிப்பவன் ஒருவனாயின், பாட்டைக் கேட்டுத் திரும்பிப் பார்ப்பவர் நூற்றுவர்.

எனினும் நாட்டின் மனச்சாட்சியை உலுக்கியவை சில வழக்குகளே. 1952 நவம்பர் 2 ஆந் திகதி குறொய்டனிலே சிட்னி மைல்ஸ் என்னும் பொலிசு உத்தியோகத்தர் கடமையின்போது சுட்டுக்கொல்லப்பட்டார். சுட்ட கிறிஸ்ரபர் கிறெய்க்குக்கு வயது பதினாறு; ஆதலின் அவனைத் தூக்கிலிடச் சட்டம் இடந்தரவில்லை. சூடு விழுந்த வேளையிற் பொலிசார் பிடியில் ஏற்கெனவே இருந்த டெரெக் பென்ற்லிக்கு வயது பத்தொன்பது, அறிவுவளர்ச்சி குன்றியவன். யூரிமார் கருணை வேண்டினர். பாராளுமன்ற உறுப்பினர் இருநூற்றுவர் வரையில் கையொப்பமிட்டனர். அம்முறையீட்டை விவாதிக்கச் சபாநாயகர் இணங்கிலர். உள்நாட்டு மந்திரியும் இரங்கிலர். 1953 சனவரி 28 ஆந் திகதி, வன்ஸ்வேத் சிறைவாயிலில் மக்கள் திரண்டு நிற்க, பென்ற்லி தூக்கிலிடப்பட்டான்.

அதே ஆண்டில் கிறிஸ்ரி என்பவனின் கொலைகள் வெளிப்படவே, 1950 இல் தூக்கிலிடப்பட்ட திமொதி எவன்ஸ் குற்றமற்றவன் என்ற ஐயம் வலுத்தது. எவன்ஸுக்குக் கருணை மறுத்த முன்னாள் மந்திரி சூற்றர் ஈட்டே பின்னர் ஒழிப்புக் கட்சியிற் சேர்ந்தார். 1955 இல் றூத் எல்லிசுக்காக ஏறத்தாழ ஐம்பதினாயிரவர் கையொப்பமிட்டும் பயனில்லை. அவ்வாண்டே விக்ரர் கொலன்ஸ், ஆதர் கோஸ்லர் முதலியோர் தேசிய இயக்கமொன்றைத் தொடங்கினர். 1956 இற் கீழ்ச்சபை ஏற்ற மசோதாவைப் பிரபுக்கள் சபை தள்ளியது. 1965 இல் ஐந்தாண்டுக்கென நிறுத்தப்பட்ட தண்டனை 1969 இல் நிரந்தரமாக ஒழிக்கப்பட்டது. அப்பொழுதும் பொதுமக்களுட் பெரும்பாலார் தண்டனை வேண்டுமென்றே கருதினர் என்பது மறைக்கத்தக்கதன்று.

இலங்கையில் 1956 இல் நிறுத்தப்பட்ட இத்தண்டனை, நிறுத்திய பிரதமரே 1959 இற் கொலையுண்டபின் மீண்டும் வந்தமை ஈண்டு நினைவுகூரத்தக்கது. சினம் பொங்கும் காலத்தில் இத்தகைய சட்டம் எத்துணை எளிதிற் பின்வாங்கும்!

வன் டெர் எல்ஸ்ற் அம்மையார் 1966 இற் பொருளனைத்தும் இழந்து இறந்தார். சட்டம் மாறியபின்னும் ஒருவருக்கு வேலை முடியவில்லை. பென்ற்லியின் தமக்கை ஐறிஸ், தம்பியின் பெயரைத் துடைத்தற்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக மந்திரிகளிடமும் பத்திரிகைகளிடமும் அலைந்தார். 1993 இற் கிடைத்தது அரைகுறை மன்னிப்பே. தண்டனை தவறென்றனர், தீர்ப்புத் தவறென்றாரல்லர். 1998 யூலை 30 ஆந் திகதி மேன்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பையும் நீக்கியது. ஐறிஸ் அதற்கு முந்திய ஆண்டே காலமாகிவிட்டார்.